மண்ணுக்குள் மறைந்த விலங்குகளைத் தேடியவர்: பி. ஈ. பி. தெரணியகல

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேல்மண் சில அடிகளில் முடிந்துவிடும். அதன்பின் வருவது சுண்ணக்கல். உடைத்தெடுத்த கல்லைக் கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தால், சில கற்களில் சிப்பியின் வரிகளும் பவளத்தின் துளைகளும் அச்செடுத்ததுபோலத் தெரியும். இவை மயோசீன் காலத்துக் கடலில் வாழ்ந்த உயிர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள். அந்தக் காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. நாம் வீடு கட்டி, தோட்டம் செய்து, தண்ணீர் அள்ளி வாழும் இந்தக் குடாநாடு ஒருகாலத்தில் கடலின் அடித்தளம்.

இத்தகைய அடையாளங்களை எமது விஞ்ஞானப் பாடநூல்கள் உயிர்ச்சுவடு என்கின்றன. சுவடு என்றால் காலடித் தடம். அழகான பெயர்தான். உயிர் நடந்து போய்விட்டது, தடம் மட்டும் கல்லில் நிற்கிறது. சில இடங்களில் உண்மையான காலடிகளே கல்லாகி இருக்கின்றன. ஈரச் சேற்றில் ஒரு டைனோசர் கால் வைக்கிறது. சேறு காய்கிறது. அதன்மேல் மணல் மூடுகிறது. பல கோடி ஆண்டுகளில் இரண்டும் பாறையாகின்றன. பாதத்தின் நீளத்தைக் கொண்டு விலங்கின் உயரத்தையும், ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைக் கொண்டு அது நடந்ததா ஓடியதா என்பதையும், பல தடங்கள் ஒரே திசையில் போனால் அது கூட்டமாகத் திரிந்ததா என்பதையும் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். இந்தியாவில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே அத்தகைய மூவிரல் தடம் கண்டறியப்பட்டுள்ளது.

நமது நாட்டில் டைனோசரின் தடம் கிடைக்குமா என்று மாணவியர் பலர் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் அது கிடைக்க வழியில்லை. டைனோசர்கள் அழிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்; இந்தக் கல் அதற்கு வெகுகாலம் பிந்தியது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலமோ மிகப் பழைய பாறை. பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. டைனோசர் காலத்துப் படிவுகள் புத்தளம் மாவட்டத்தின் தப்போவை, ஆண்டிகம ஆகிய இடங்களில் சிறு திட்டுகளாகவே உள்ளன. அங்கே பேர் பெற்றவை செடிகளின் சுவடுகள்.

அப்படியானால் இந்த நாட்டின் பண்டைய விலங்குகளைப் பற்றி நாம் எப்படி அறிந்தோம்? அதற்கு விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் போலஸ் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல.

அவர் 1900ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி பிறந்தார். தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ் அரச சேவையில் நீதிபதியாகவும் உயர் அதிகாரியாகவும் இருந்தவர். வரலாற்றாசிரியராகவும் பெயர் பெற்றவர். அவரை யாழ்ப்பாணத்தார் நினைவில் வைத்திருக்கக் காரணம் உண்டு. கந்தரோடையின் தொல்லியல் சிறப்பை 1917ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆராய்ந்து, அகழ்ந்து, கட்டுரைகள் எழுதி உலகறியச் செய்தவர் அவரே. இளைய சகோதரர் ஜஸ்டின் தெரணியகல, 43 குழு என்னும் ஓவியர் அமைப்பைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர். ஒருவர் பழைய ஊர்களைத் தேடினார். ஒருவர் வண்ணங்களைத் தேடினார். இவர் விலங்குகளைத் தேடினார்.

கொழும்பில் சென். தோமஸ் கல்லூரியில் படித்தபின் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றார். நாடு திரும்பியபின் அவரது கவனம் முதலில் சென்றது தண்ணீரில் வாழும் உயிர்களிடம். காட்டாறுகளின் நிழல் நீரில் வாழும் சின்னஞ்சிறு மீன்களை அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விவரித்தார். வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் சிவந்த செரி பாப் மீனுக்கு 1929இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் அவர்தான். இன்று உலகெங்கும் அலங்கார மீன் கடைகளில் விற்கப்படும் அந்த மீன் இலங்கைக்கே உரியது. கடலாமைகள், பல்லிகள், பாம்புகள் பற்றியும் அவர் எழுதினார். 1939இல் இலங்கையின் நாற்கால் ஊர்வன பற்றிய பெருநூலும், 1952 முதல் 1955 வரை மீன்களையும் ஊர்வனவற்றையும் வண்ணப் படங்களோடு காட்டும் மூன்று தொகுதிகளும் வெளிவந்தன.

உயிருள்ள விலங்கை இவ்வளவு நுணுக்கமாகக் கற்றது பின்னர் அவருக்குப் பெரும் துணையாயிற்று. இன்றுள்ள விலங்கின் பல்லையும் எலும்பையும் கையில் வைத்துப் பழகியவருக்குத்தான், மண்ணிலிருந்து வரும் உடைந்த துண்டு எதனுடையது என்று சொல்ல முடியும்.

அந்தத் துண்டுகள் வந்த இடம் இரத்தினபுரி. அங்கே மாணிக்கக்கல் எடுப்பவர்கள் வயல்களிலும் ஆற்றோரங்களிலும் குழி தோண்டுவார்கள். பக்கங்கள் சரியாதபடி மரங்களை அடுக்கி, பன்னத் தழைகளைச் செருகி, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே கீழே போவார்கள். பல மீற்றர் ஆழத்தில் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு படை வரும். அதை இல்லம் என்று சிங்களத்தில் சொல்வார்கள். பழைய ஆறுகள் மலையிலிருந்து உருட்டி வந்து சேர்த்த சரளை அது. அதைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றிக் கழுவினால் மாணிக்கமும் நீலமும் அடியில் தங்கும்.

ஆறு உருட்டி வந்தது கற்களை மட்டும் அல்ல. இறந்த விலங்குகளின் எலும்புகளும் பற்களும் அந்தச் சரளையில் புதைந்து கிடந்தன. கல் தேடுபவருக்கு அவை விலை போகாத பொருள். கழிவுக் குவியலில் விழுந்தால் அவ்வளவுதான், வெயிலிலும் மழையிலும் நொறுங்கிப் போகும். பல இலட்சம் ஆண்டு காத்திருந்த சான்று ஒரு வாரத்தில் அழிந்துவிடும். தெரணியகல அந்தக் குழிகளை நாடினார். 1930களிலிருந்து அங்கே கிடைத்தவற்றைச் சேகரித்து, ஒப்பிட்டு, பெயரிட்டு, கட்டுரைகளாக எழுதத் தொடங்கினார். மாணிக்கத்தை எடுத்துவிட்டு எறியப்பட்ட மிச்சத்தில்தான் இந்த நாட்டின் ஒரு வரலாறு இருந்தது.

அந்த வரலாறு வியப்பானது. இன்று ஆபிரிக்காவில் மட்டும் வாழும் நீர்யானை ஒருகாலத்தில் இரத்தினபுரி ஆறுகளில் மூழ்கிக் கிடந்தது. காண்டாமிருகம் இங்கே மேய்ந்தது. இன்றைய யானையிலிருந்து வேறான யானை இனங்கள் இருந்தன. காட்டெருது இருந்தது. சிங்கமும் இருந்தது. இவை வாழ்ந்தது பிளைஸ்டோசீன் எனப்படும் பனிக்காலங்களில். இந்த விலங்குக் கூட்டத்தை இரத்தினபுரி விலங்கினம் என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

சிங்கத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குருவிட்டையில் கிடைத்தவை இரண்டே பற்கள். அவற்றைக் கொண்டு, இலங்கையில் வாழ்ந்து மறைந்த ஒரு சிங்க வகையை அவர் 1939இல் விவரித்தார். இரண்டு பற்களை வைத்து ஒரு சிங்கத்தைச் சொல்ல முடியுமா என்று நமக்குத் தோன்றும். பல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எலும்பு உக்கிப்போனாலும் பல் நிற்கும். அதுமட்டுமன்றி, ஒவ்வொரு விலங்கும் தன் உணவைப் பல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. யானையின் கடைவாய்ப்பல்லில் தகடுகள் வரிசையாக நிற்கும். அது புல்லையும் தழையையும் அரைப்பதற்கு. பூனைக் குடும்பத்து விலங்கின் கடைவாய்ப்பல் கத்தரிக்கோல் போலக் கூரானது. அது இறைச்சியை வெட்டுவதற்கு. அதன் அளவையும் வடிவத்தையும் சிறுத்தை, புலி, சிங்கம் ஆகியவற்றின் பற்களோடு ஒப்பிட்டால் உரியவரைக் கண்டுபிடிக்கலாம். நீர்யானைக்கும் அப்படித்தான். இங்கிருந்த நீர்யானை சேர்ந்த பேரினத்தின் பெயருக்கே ஆறு முன்பற்கள் உடையது என்பதுதான் பொருள்.

பல் விலங்கைச் சொன்னால், விலங்கு நிலத்தைச் சொல்லும். நீர்யானைக்கு ஆழமான நீரும் கரையில் புல்லும் வேண்டும். சிங்கம் பெரும்பாலும் திறந்த புல்வெளியில் வேட்டையாடும். ஆகவே இன்று அடர்ந்த மழைக்காடாகக் காணப்படும் அந்தப் பகுதியில் ஒருகாலத்தில் திறந்த வெளிகளும் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். காலடித் தடத்திலிருந்து டைனோசரின் நடையை அறிவதும், பல்லிலிருந்து சிங்கத்தின் காட்டை அறிவதும் ஒரே முறைதான். மிஞ்சியதைக் கொண்டு மறைந்ததை அறிதல்.

இந்த விலங்குகள் எப்படி இங்கே வந்தன என்ற கேள்வி எம்மை மீண்டும் வடக்கே அழைத்து வருகிறது. பனிக்காலங்களில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்தது. கடல் மட்டம் 100 மீற்றருக்கும் மேல் தாழ்ந்தது. பாக்கு நீரிணையோ ஆழமற்ற கடல். அது முழுவதும் வற்றித் தரையானது. இந்தியாவையும் இலங்கையையும் அந்தத் தரை இணைத்தது. இன்று எமது மீனவர்கள் வலை வீசும் இடத்தின் ஊடாக யானையும் சிங்கமும் நடந்து வந்திருக்க வேண்டும். பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்தபோது அந்த வழி மூடிக்கொண்டது.

1939இல் தெரணியகல கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளரானார். 1877இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்தை 1963 வரை அவர் வழிநடத்தினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு. நிர்வாகப் பொறுப்பு அவரது ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. நூதனசாலையின் ஆய்விதழான ஸ்பொலியா செயிலானிக்காவில் அவரது கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. 1955இல் அழிந்துபோன யானைகள் பற்றியும் 1958இல் இலங்கையின் பிளைஸ்டோசீன் காலம் பற்றியும் நூல்கள் எழுதினார். அடுத்த ஆண்டே நாட்டின் பழைய தற்காப்புக் கலைகள், விளையாட்டுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடாதிபதியாகவும் பணியாற்றினார்.

விலங்குகளைத் தேடியவர் மனிதரையும் கண்டார். சப்ரகமுவ மலைக் குகைகளிலும், 1956 முதல் பெல்லன்பெந்திபெலஸ்ஸ என்னும் இடத்திலும் அவர் நடத்திய அகழ்வுகளில் கற்கருவிகளோடு மனித எலும்புகளும் கிடைத்தன. விவசாயமும் உலோகமும் அறியாத அந்தப் பண்டைய மக்களுக்கு அவர் இட்ட பெயரே பலாங்கொடை மனிதன். இன்று எமது வரலாற்றுப் பாடநூலில் நாம் படிக்கும் பெயர் அது.

அவர் சொன்ன எல்லாம் இன்றும் அப்படியே ஏற்கப்படுகின்றன என்று எண்ணிவிடக்கூடாது. அவர் தயங்காமல் பெயர் சூட்டுபவர். அவர் தனி வகை என்று பிரித்த பல விலங்குகளைப் பின்வந்தவர்கள் வேறு வகைகளோடு சேர்த்துவிட்டார்கள். பலாங்கொடை மனிதனையும் தனி உபஇனமாக இன்று கொள்வதில்லை. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. ஆறு உருட்டிச் சேர்த்த சரளையில் வெவ்வேறு காலத்து எலும்புகள் கலந்திருக்கும் என்பதால், ஒரே குழியில் கிடைத்தவை ஒரே காலத்தவை என்றும் சொல்ல முடியாது. கரிமத்தைக் கொண்டு வயது கணிக்கும் முறை அறிமுகமானதே 1949ஐ ஒட்டித்தான். இரத்தினபுரிப் பணியை அவர் தொடங்கியபோது அந்த வசதி இல்லை. ஆனால் சிங்கத்தின் பல்லை 2005இல் வெளியான ஓர் ஆய்வு மீண்டும் எடுத்து நோக்கியது. தெரணியகல தம் முடிவுக்கான காரணத்தைப் போதிய அளவு விளக்கவில்லை என்று அது குறை கண்டது. ஆயினும் அது சிங்கத்தின் பல்தான் என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆய்வு, புலியும் ஒருகாலத்தில் இந்நாட்டில் வாழ்ந்தது என்று எடுத்துக்காட்டியது. அவர் அந்தப் பல்லைப் பத்திரப்படுத்தியிராவிட்டால், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதைச் சரிபார்க்க எவருக்கும் வாய்ப்பே இருந்திராது. கருத்து மாறலாம், சான்று இருக்க வேண்டும்.

அவரது மகன் சிரான் தெரணியகல தொல்லியலாளராகி, தொல்லியல் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகமாகவும் உயர்ந்தார். தந்தை தொட்ட குகைகளில் ஒன்றான பட்டதொம்பலெனவை அவர் புதிய முறைகளால் ஆராய்ந்து, ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் நுண்கற்கருவிகள் செய்தனர் என்று காட்டினார். பாட்டனார் கந்தரோடையிலும், மகன் மாணிக்கக் குழிகளிலும், பேரன் குகைகளிலும் என மூன்று தலைமுறை இந்த மண்ணைத் தோண்டிப் படித்தது.

எமது மாணவியருக்கு இந்த வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. கிணற்றுக் கல்லில் சிப்பியின் அச்சைக் கண்டால் அதை எறிந்துவிடாதீர்கள். எந்த ஊரில், எவ்வளவு ஆழத்தில், எந்த நாளில் கிடைத்தது என்று ஒரு துண்டில் எழுதி அதனுடன் வையுங்கள். இடம் தெரியாத கல் வெறும் அலங்காரப் பொருள். இடம் தெரிந்த கல் ஒரு சான்று. விஞ்ஞான ஆசிரியையிடம் காட்டுங்கள். பெற்றோரும், பிள்ளை கல்லையும் மண்ணையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறாளே என்று கடிந்துகொள்ளாமல், அதை வைக்க ஒரு பெட்டி கொடுக்கலாம். தெரணியகலவின் நீர்யானையும் சிங்கமும் பிறர் வேண்டாம் என்று விட்ட துண்டுகளிலிருந்தே எழுந்து வந்தன.