வயலைத் தேடி வந்த கல்லூரி

நிலக்கடலை பயிரிடும் உங்களில் பலர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அது தவறு. கடனில் தவித்த ஏழை விவசாயியின் வயலுக்கு ஆராய்ச்சியைக் கொண்டு சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய பணி.

கார்வர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1864ஆம் ஆண்டையொட்டி அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தார். துணி வெளுத்தும் சமையல் செய்தும் படித்தார். அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் இவரே. 1896இல் முதுநிலைப் பட்டம் பெற்றதும், அலபாமா மாநிலத்தில் உள்ள டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு வரும்படி அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தார்.

டஸ்கீகி, கறுப்பின மக்களுக்காக 1881இல் தொடங்கப்பட்டது. மாணவர்களே செங்கல் சுட்டு அதன் கட்டடங்களை எழுப்பினார்கள். 1892 முதல் அங்கு ஆண்டுதோறும் விவசாயிகள் மாநாடு நடந்தது. மாநில அரசின் வேளாண் கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு அன்று இடம் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அப்பகுதி கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுதவர்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கி, பருத்தி விற்று அடைப்பார்கள். ஆண்டுதோறும் பருத்தியே போட்டதால் மண் சத்திழந்தது. பின்னாளில் காய்களைத் துளைக்கும் கூன்வண்டும் வந்து சேர்ந்தது.

டஸ்கீகியின் ஆராய்ச்சிப் பண்ணையில் கார்வர் செலவில்லாத வழிகளைத் தேடினார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். தட்டைப்பயறும் கடலையும் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்ப்பவை. விலை கொடுத்து வாங்கும் உரத்துக்குப் பதில் மக்கிய இலையையும் சதுப்பு நில வண்டலையும் இடச் சொன்னார். விளைந்த கடலை வீட்டிலும் பயன்பட வேண்டும் என்பதால், சாகுபடி முறையுடன் 105 சமையல் குறிப்புகளையும் சேர்த்து 1916இல் சிறு நூலாக வெளியிட்டார்.

மாநாட்டுக்கு வர இயலாதவர்களுக்கு என்ன வழி? 1906இல் கருவிகள், விதைகளுடன் ஒரு வண்டி கிராமங்களுக்குப் புறப்பட்டது. அதை நடத்திய டஸ்கீகி மாணவர் தாமஸ் கேம்ப்பெல், அதே ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்கப் பணியாளராக நியமிக்கப்பட்டார். உங்கள் ஊரில் செயல்விளக்கம் நடத்தும் அலுவலர் செய்வதும் இதே வேலைதான்.

கார்வர் 1943 ஜனவரி 5இல் மறைந்தார். தம் சேமிப்பை டஸ்கீகியில் ஆராய்ச்சி தொடர்வதற்கே விட்டுச் சென்றார். தனி மனிதரின் அறிவு ஆயிரக்கணக்கான வயல்களை எட்டப் பண்ணையும் அச்சிட்ட நூலும் வண்டியும் தேவைப்பட்டன. அவற்றைக் கொடுத்தது அம்மக்கள் கட்டி எழுப்பிய நிறுவனம். உங்கள் ஊரில் விவசாயிகள் குழு இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.