எல்வின் ஸ்டாக்மன்

எல்வின் சார்லஸ் ஸ்டாக்மன் (மே 17, 1885 – ஜனவரி 22, 1979) அமெரிக்கத் தாவர நோயியலாளர். கோதுமையைத் தாக்கும் தண்டுத் துரு நோய் காற்றின் வழியே வெகுதொலைவு பரவுவதை வானிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு காட்டியவர்களுள் முதன்மையானவர். பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக் இவருடைய மாணவர்.

இளமையும் கல்வியும்

விஸ்கொன்சின் மாநிலத்தின் அல்கோமா நகரில் பிறந்து, மினசோட்டாவின் பிரவுண்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1906 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1909 இல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1913 இல் முனைவரானார். ஓய்வு பெறும் 1953 வரை அங்கேயே பணியாற்றினார். 1917 இல் எஸ்டெல் லூயிஸ் ஜென்சனை மணந்தார். அவரும் ஒரு தாவர நோயியலாளர்.

1916 ஆம் ஆண்டின் பேரழிவு

தண்டுத் துரு நோயை உண்டாக்குவது பக்சீனியா கிராமினிஸ் என்னும் பூஞ்சை. 1916 இல் இந்நோய் அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்ந்து சுமார் 30 கோடி புஷல், அதாவது ஏறத்தாழ 80 லட்சம் டன் கோதுமையை அழித்ததாக மதிப்பிடப்பட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால் இவ்விழப்பு அரசை உலுக்கியது. இப்பூஞ்சை தன் வாழ்க்கைச் சுற்றின் ஒரு பகுதியைப் பார்பெரி என்னும் புதரில் கழிப்பது 1865 முதலே அறியப்பட்டிருந்தது. ஆகவே 1918 இல் 13 மாநிலங்களில் பார்பெரி ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் தொடக்கத்தில் ஸ்டாக்மன் முக்கியப் பங்காற்றினார். கோடிக்கணக்கான புதர்கள் வேரோடு அகற்றப்பட்டன.

இவ்வியக்கம் பயனளித்தது. ஆயினும் பார்பெரி அகற்றப்பட்ட மாவட்டங்களிலும் சில ஆண்டுகளில் துரு கடுமையாகத் தோன்றியது. நோய் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்த கேள்வி.

காற்றில் வித்துகள்

1921 இல் ஸ்டாக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் வாசலின் பூசிய கண்ணாடித் தகடுகளை விமானங்களில் எடுத்துச் சென்று, பல்வேறு உயரங்களில் காற்றுக்குக் காட்டினர். தரையிலிருந்து ஆயிரக்கணக்கான அடி உயரத்திலும் துருப் பூஞ்சையின் நுண்வித்துகள் அகப்பட்டன. விமானங்களே புதுமையாக இருந்த அந்நாளில் இது துணிச்சலான முயற்சி எனலாம். ஆய்வு முடிவுகள் 1923 இல் வெளியாயின.

இவ்வகை ஆய்வுகளிலிருந்து ஒரு பெரும்பாதை புலப்பட்டது. குளிர்காலத்தில் வட மாநிலங்களில் வயல்கள் உறைந்துவிடுவதால், துருவின் செந்நிற வித்துகள் அங்குப் பிழைப்பதில்லை. டெக்சாசிலும் வட மெக்சிகோவிலும் குளிர்காலப் பயிரில் அவை உயிர்வாழ்கின்றன. இளவேனிலில் தெற்கிலிருந்து வீசும் காற்று அவற்றை வடக்கே கொண்டுசெல்கிறது. பயிர் முதிரும் வரிசையிலேயே நோயும் படிப்படியாகக் கனடா வரை ஏறுகிறது. இலையுதிர் காலத்தில் வடகாற்று அவற்றை மீண்டும் தெற்கே சேர்க்கிறது. இப்பாதை பூஞ்சையின் பெயராலேயே பக்சீனியா பாதை எனப்பட்டது.

வித்துகள் வந்திறங்குவதாலேயே நோய் உண்டாகிவிடாது. அவை முளைக்க இலைமேல் பனியோ மழைநீரோ பல மணி நேரம் தங்க வேண்டும். வெப்பநிலையும் மிதமாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான சூழலில் ஏழு முதல் பத்து நாட்களில் புதிய துருக் கொப்புளங்கள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான வித்துகளை வெளிவிடுகிறது. எனவே தெற்கில் நோயின் அளவு, தென்காற்று வீசும் காலம், அதனுடன் வரும் மழை, வடக்கில் பயிரின் வளர்ச்சி நிலை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வாண்டின் அபாயத்தை ஓரளவு முன்கூட்டியே அறியலாம். பயிர் நோய் முன்னறிவிப்பு என்னும் துறை இத்தகைய கணிப்புகளின் மீதே வளர்ந்தது.

நோயின் இனங்கள்

ஒரே பூஞ்சையாகத் தோன்றினும் துருவில் பல உடலியங்கு இனங்கள் உள்ளன என்பது ஸ்டாக்மனின் மற்றொரு பெரும் பங்களிப்பு. ஓர் இனத்தைத் தாங்கி நிற்கும் கோதுமை வகை, வேறோர் இனத்துக்கு இரையாகலாம். 1935 இல் அதுவே நடந்தது. துருவைத் தாங்கும் என நம்பிப் பயிரிடப்பட்ட சீரிஸ் என்னும் வகை 56 ஆம் இனத்திடம் வீழ்ந்தது. மினசோட்டாவிலும் வட டகோட்டாவிலும் பாதிக்கும் மேற்பட்ட விளைச்சல் அழிந்தது. 1950களின் முற்பகுதியில் 15பி என்னும் இனம் அவ்வாறே பரவியது.

இந்தியாவில்

ஏறத்தாழ இதே காலத்தில் ஆக்ராவில் பணியாற்றிய கே. சி. மேத்தா (இறப்பு 1950) இந்தியக் கோதுமைத் துருவை ஆய்ந்தார். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் வித்துகள் அழிந்துவிடுகின்றன. மலைப்பகுதிகளில் நிற்கும் கோதுமையில் பிழைத்து, காற்றின் வழியே ஆண்டுதோறும் இறங்குகின்றன என அவர் கண்டார். பார்பெரிக்கு இங்கு அத்தகைய பங்கு இல்லை. நீலகிரியும் பழனி மலையும் தண்டுத் துருவின் முக்கிய ஊற்றிடங்கள் என்பது தமிழ்நாட்டினர் பலரும் அறியாத செய்தி. வங்காள விரிகுடாப் புயல்கள் நீலகிரியின் வித்துகளை மத்திய இந்தியாவுக்குக் கொண்டுசெல்வதை 1970களின் ஆய்வுகள் விளக்கின.

பிற்காலம்

1930களின் பிற்பகுதியில் ஸ்டாக்மன் துரு நோய் பற்றி ஆற்றிய உரையொன்று, வனவியல் படித்துக்கொண்டிருந்த போர்லாக்கைத் தாவர நோயியலுக்குத் திருப்பியது. 1941 இல் ராக்பெல்லர் அறக்கட்டளைக்காக மெக்சிகோவின் வேளாண்மையை ஆராய்ந்த மூவருள் ஸ்டாக்மனும் ஒருவர். அதன் விளைவாக 1943 இல் தொடங்கிய திட்டத்தை அவருடைய மாணவர் ஜார்ஜ் ஹாரர் நடத்தினார். 1944 இல் போர்லாக் அதில் சேர்ந்தார். துருவைத் தாங்கும் குட்டைக் கோதுமைகள் அங்கிருந்துதான் 1960களில் இந்தியாவுக்கு வந்தன. 1949 இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைவராகவும் ஸ்டாக்மன் விளங்கினார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள், 1998 இல் உகாண்டாவில் யுஜி99 என்னும் புதிய துரு இனம் காணப்பட்டது. அது 2006 இல் யேமனையும் 2007 இல் ஈரானையும் எட்டியது.