தேர்வில் தவறிய கணித மேதை

தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சம் நடுங்காத மாணவி உண்டோ? மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையால் கோடிட்ட எண்ணைக் கண்டு கண்கலங்காதவர் யார்? அரசுப் பொதுத்தேர்வை எதிர்நோக்கி நிற்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு, மீண்டும் மீண்டும் தேர்வில் தவறியும் உலகம் போற்ற உயர்ந்த ஒருவரின் வாழ்க்கை ஆறுதலைத் தருகிறது, சிந்திக்கவும் வைக்கிறது. அவரே கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறினார். 1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்திற்கான பரிசையும் பெற்றார். அதுவரை தேர்வுகள் அவருக்கு நண்பர்களாகவே இருந்தன.

பள்ளியில் படிக்கும்போதே, கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அதில் இருந்தன. விளக்கமோ மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். அன்று முதல் கணிதமே அவருக்கு மூச்சாயிற்று. மற்றப் பாடங்கள் மறந்தே போயின.

விளைவு என்ன? உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார். உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடலியல் பாடம் அவரைக் கைவிட்டது. 1906இலும் 1907இலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார்.

தேர்வு பொய் சொல்லிற்றா? இல்லை. அது கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் விடை இல்லை. ஆனால் அவரிடம் இருந்த விடைகளைக் கேட்க எந்தத் தேர்வும் இல்லை! அவை நோட்டுப் புத்தகங்களில் உறங்கிக் கிடந்தன.

1909இல் திருமணம் ஆயிற்று. வேலை தேடி அலைந்தவர், 1910ஆம் ஆண்டு வாக்கில் திருக்கோவிலூருக்கு வந்தார். அந்நாளில் எங்கள் வல்லமும் திருக்கோவிலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன என்பது எங்களுக்குப் பெருமை. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவியவர். தாலுகா அலுவலகத்தில் சிறு வேலை கேட்டு நின்ற இளைஞரின் நோட்டுகளை அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இத்தகைய அறிவைக் கடைநிலைப் பணியில் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார்.

அதன்பின் இராமச்சந்திர ராவ் என்னும் ஆட்சியர் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து அவற்றை ஆராய்ந்தனர். சில முன்பே அறிந்தவை, சில தவறானவை, சில எவரும் காணாதவை. மூன்றையும் ஹார்டி பிரித்தறிந்தார். நிறுவல்களைக் கேட்டு எழுதினார். அதே ஆண்டில், எந்தப் பல்கலைக்கழகத் தேர்வில் தவறினாரோ அந்தச் சென்னைப் பல்கலைக்கழகமே, பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது!

1914இல் கப்பலேறினார். அவர் அறியாதவற்றை, அவர் ஊக்கம் குன்றாதபடி ஹார்டி கற்பித்தார். 1916இல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. கணித வல்லவர்களுக்கு ஹார்டி ஒருமுறை மதிப்பெண் இட்டாராம்: தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, இராமானுஜனுக்கு 100. நோயுற்று 1919இல் தாயகம் திரும்பிய மேதை, 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

தேர்வே வேண்டாம் என நாங்கள் கூறவில்லை. ஒன்பது வயதுச் சிறுவனின் அறிவை முதலில் ஊரறியச் செய்ததும் ஒரு தேர்வுதானே? மற்றப் பாடங்களைக் கைவிட்டதற்கு அவர் வறுமையில் ஆண்டுகளை இழந்தார் என்பதையும் மறக்கவில்லை. ஆயினும், மதிப்பெண் என்பது மதிப்பீட்டின் ஒரு பகுதியே, அதன் முடிவன்று. இருப்பதைக் கண்டு சொல்வதும், இல்லாததைக் கற்றுத் தருவதும் சேர்ந்ததே முழு மதிப்பீடு.

எங்கள் ஊர்ப் பக்கங்களில் பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறியதும் படிப்பை நிறுத்திவிடும் பெண்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்க்க ஒரு இராமசாமி ஐயர் வரவில்லையே! அன்புப் பெற்றோரே, மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும் முன் எங்கள் நோட்டுகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். தோழியரே, ஒரு தாளில் தவறினாலும் துவளாதீர்கள். விட்டதைப் படித்து மீண்டும் எழுதுங்கள். இறைவன் தந்த தாலந்தைப் புதைக்காமல் பெருக்குவோமாக!