மூச்சை அளந்த மேதை

நவீன இரசாயனவியலின் தந்தை எனப் போற்றப்படும் அன்ரனி லவோசியர் 1743ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. மகனும் சட்டம் கற்றுத் தேறினார். ஆயினும் அவரது உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியது. நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத அவருக்குத் தராசே உற்ற தோழன்.

1771இல் அவர் மரி ஆனை மணந்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த காலம் அது. மரி ஆனோ ஆங்கிலம் கற்று விஞ்ஞான நூல்களைப் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்த்தார், ஓவியம் பயின்று கணவரின் கருவிகளை வரைந்தார், பரிசோதனைகளின்போது குறிப்பெழுதினார்.

எமது உடற்சூடு எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கு விடைதேடி 1782 - 83 மாரிகாலத்தில் லவோசியரும் லப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தினுள் வைத்தனர். பத்து மணித்தியாலத்தில் 13 அவுன்ஸ் பனிக்கட்டி உருகியது. அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டை வைத்துக் கணக்கிட்டபோதோ ஏறத்தாழப் பத்தரை அவுன்ஸே வந்தது. சுவாசமும் ஒரு மெதுவான எரிதலே என்ற பேருண்மை இதனால் புலனாயிற்று. எனினும் இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை. லவோசியர் அந்த வேறுபாட்டை மறைக்கவில்லை, காரணத்தைத் தேடினார். உடலில் காபன் மட்டுமன்றி ஐதரசனும் எரிந்து நீராகிறது எனப் பின்னர் விளக்கினார். அக்கருவிக்குக் கலோரிமானி எனப் பெயரிட்டவரும் அவரே.

1790 அளவில் அவரது உதவியாளர் செகான் தம்மையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். முகமூடி வழியே சுவாசித்த அவர், வெறுவயிற்றில் ஓய்வாக இருந்தபோது மணிக்கு ஏறத்தாழ 1210 கன அங்குல ஒட்சிசனை உட்கொண்டார். பாரம் தூக்கியபோது அது 3200 ஆனது. உணவுண்டபின் பாரம் தூக்கியபோது 4600 ஆனது. உழைப்புக்கேற்ப நாடித்துடிப்பு உயர்வதையும் அவர்கள் கண்டனர்.

இவ்வாய்வு முற்றுப்பெறவில்லை. அரசுக்காக வரி அறவிடும் நிறுவனத்தில் லவோசியர் பங்காளராக இருந்தார். பிரெஞ்சுப் புரட்சி அதைக் குற்றமாகக் கண்டது. 1794 மே 8ஆம் திகதி அவரும் மரி ஆனின் தந்தையும் ஒரே நாளில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். கணவரையும் தந்தையையும் ஒருங்கே இழந்த மரி ஆன், கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இன்று எரிந்த கலோரியைக் கைக்கடிகாரமே சொல்லிவிடுகிறது. ஆனால் அது மூச்சை அளப்பதில்லை. நாடித்துடிப்பு, அசைவு, வயது, நிறை ஆகியவற்றை வைத்து மதிப்பிடுகிறது. வெயிலிலும் பரீட்சைப் பயத்திலும்கூட நாடி விரையுமே! 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய 7 கருவிகளைச் சோதித்தனர். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகவே காட்டின. கலோரியிலோ அவற்றுள் மிகச் சிறந்ததுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிழைத்தது.

அந்த எண்ணை நம்பி ஒருவேளை உணவைத் தவிர்க்கும் சகோதரிகள் எம்மிடையே உள்ளனர். நேற்றைவிட இன்று அதிகம் நடந்தோமா என்று அறிய அக்கருவி உதவலாம். தட்டில் எவ்வளவு சோறு இருக்க வேண்டும் எனத் தீர்ப்பளிக்க அதற்குத் தகுதியில்லை. தன் கையால் அளந்த எண்ணையே கேள்விகேட்டவர் லவோசியர். பிறர் கணித்துத் தரும் எண்ணை நாமும் சற்றுக் கேள்விகேட்போம்.