டாஸ்மன் கடலின் மேலே

1935ஆம் ஆண்டு மே 15ஆம் நாள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் டாஸ்மன் கடலின் மேலே, மூன்று இயந்திரங்களைக் கொண்ட 'சதர்ன் கிராஸ்' விமானம் பறந்துகொண்டிருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி அனுப்பப்பட்ட அஞ்சல்பைகள் அதில் இருந்தன. பயணம் செய்தவர் மூவரே: தலைமை விமானி சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித், வானொலி இயக்குநர் ஜான் ஸ்டானேஜ், வழி கணிப்பவரும் துணை விமானியுமான பேட்ரிக் கார்டன் டெய்லர்.

டெய்லர் 1896இல் சிட்னி நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் போர் விமானியாகப் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றவர். 1934இல் கிங்ஸ்போர்டு ஸ்மித்துடன் ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தார். அத்திசையில் அக்கடலை வானில் கடந்த முதல் பயணம் அது. கரை தெரியாப் பெருவெளியில் கதிரவனையும் விண்மீன்களையும் அளந்து வழி அறிவதில் அவர் வல்லவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது அக்கலை அன்று.

நடுவானில், மைய இயந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து வலப்புறச் சுழல்விசிறியைத் தாக்கியது. விசிறி சிதைந்தது, விமானம் முழுவதும் நடுங்கியது. வலப்புற இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிட்னியை நோக்கித் திரும்பினர். எடையைக் குறைக்கச் சரக்குகளைக் கடலில் எறிந்தனர். எஞ்சிய இரண்டு இயந்திரங்களும் விமானத்தை அரிதின் முயன்று தாங்கின. அந்நிலையில் இடப்புற இயந்திரத்தில் எண்ணெய் வற்றத் தொடங்கியது. எண்ணெய் தீர்ந்தால் இயந்திரம் இறுகி நின்றுவிடும், அதன்பின் கடல்தான்.

நின்றுபோன வலப்புற இயந்திரத்திலோ எண்ணெய் வீணே தேங்கிக் கிடந்தது. அதனை இடப்பக்கம் கொண்டுசேர்க்க வேண்டும். இயந்திரங்கள் இரண்டும் விமானத்தின் உடலுக்கு வெளியே, இறக்கைகளின் கீழ் இருந்தன. கிங்ஸ்போர்டு ஸ்மித் விமானத்தைச் செலுத்தியாக வேண்டும். டெய்லர் வெளியேறினார்.

இறக்கையைத் தாங்கும் மெல்லிய தண்டின்மேல் கால்வைத்து, சீறும் காற்றுக்கு எதிராக அடியடியாக நகர்ந்தார். கீழே கடல். செயலற்ற இயந்திரத்தை அடைந்து, வடிதிருகை நெகிழ்த்தி, வெந்நீர்க்குடுவையின் உறையில் எண்ணெயைப் பிடித்தார். அதை வாங்கிய ஸ்டானேஜ் ஒரு கைப்பெட்டியில் சேர்த்துவைத்தார். போதிய அளவு சேர்ந்ததும் டெய்லர் மறுபக்கம் சென்றார். அங்கே கடினம் வேறு வகையானது. ஓடும் விசிறியின் காற்றில் எண்ணெயை ஊற்ற இயலாது. ஆகவே கிங்ஸ்போர்டு ஸ்மித் முதலில் விமானத்தை உயர்த்துவார்; பிறகு இடப்புற இயந்திரத்தின் வேகத்தைத் தணிப்பார். விமானம் கடலை நோக்கித் தாழும் அச்சிறு பொழுதுக்குள் டெய்லர் எண்ணெயை ஊற்றி முடிக்க வேண்டும். மூவருள் ஒருவர் பிழைத்தாலும் மூவரும் மூழ்குவர்.

ஒருமுறை ஊற்றிய எண்ணெய் நெடுநேரம் போதவில்லை. மீண்டும் வலப்புறம், மீண்டும் இடப்புறம் என ஆறு முறை அவர் எண்ணெய் சுமந்தார். இடையில் அஞ்சல்பைகளும் கடலுக்கு இரையாயின. புறப்பட்டு ஏறத்தாழ 15 மணி நேரத்திற்குப் பின் விமானம் சிட்னியில் தரையிறங்கியது. மூவரும் உயிருடன் இருந்தனர்.

அதே ஆண்டு நவம்பரில், அலகாபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கிச் சென்ற கிங்ஸ்போர்டு ஸ்மித் அந்தமான் கடற்பகுதியில் மறைந்தார். அப்பயணத்தில் டெய்லர் உடன் செல்லவில்லை. அவரது துணிவுக்கு 1937இல் வழங்கப்பெற்ற பதக்கம் பின்னர் 'ஜார்ஜ் சிலுவை' விருதாக மாற்றி அளிக்கப்பட்டது.

தோழரை விழுங்கிய கடலை அஞ்சி அவர் வானத்தை விட்டுவிடவில்லை. 1939இல் இந்தியப் பெருங்கடலின் குறுக்கே ஆப்பிரிக்கா வரை வான்வழி ஆய்வுப் பயணம் மேற்கொண்டார். 1951இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென் பசிபிக்கைக் கடந்து சிலி நாட்டை அடைந்தார். 1966இல் ஹொனலுலுவில் காலமானார். அவரைச் சிலிக்குக் கொண்டுசென்ற 'ஃபிரிகேட் பேர்ட் 2' என்னும் கடல்விமானம் சிட்னி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.