வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்தால்...?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி வாத்து, பாதி முள்ளம்பன்றியாக ஒரு பிராணியை வரையுங்கள் பார்க்கலாம்! வரைந்தாச்சா? அடுத்து, கொக்கும் ஆமையும் ஒட்டிக்கொண்ட ஒரு பிராணி. அப்புறம், யானையும் திமிங்கிலமும் கலந்த ஒன்று.

சிரிப்பு வருகிறது, இல்லையா? இந்தப் பிராணிகளை எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்பே கற்பனை செய்து, பாட்டு எழுதி, படமும் போட்டவர் ஒருவர் இருந்தார். அவர்தான் வங்காளத்துக் குழந்தைகளின் செல்ல எழுத்தாளர் சுகுமார் ரே. 'பதேர் பாஞ்சாலி' படத்தை எடுத்த சத்யஜித் ரேயின் அப்பா!

சுகுமார் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். இன்றைக்கு அந்த ஊரின் பெயர் கொல்கத்தா. அவருடைய அப்பா உபேந்திரகிஷோர் ஒரு சகலகலா வல்லவர். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார், படம் வரைவார், வயலின் வாசிப்பார். அவர் வரைந்த படங்களை அந்தக் காலத்து அச்சகம் ஒன்று கன்றாபியாக அச்சடித்துக் கொடுத்துவிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, படங்களை அழகாக அச்சிடும் முறையைத் தானே ஆராய்ச்சி செய்து, சொந்தமாக அச்சகமே ஆரம்பித்துவிட்டார்!

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை சும்மா இருக்குமா? அப்பாவின் புத்தகத்தில் இருக்கும் மிருகப் படங்களைக் காட்டி, தம்பி தங்கைகளுக்குக் கதை சொல்வான் சுகுமார். புத்தகத்தில் உள்ள மிருகங்கள் தீர்ந்துபோனால்? உலகத்திலேயே இல்லாத மிருகங்களை அவனே உண்டாக்கிவிடுவான்!

கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்தார் சுகுமார். ஆனால் விளையாட்டுக் குணம் மட்டும் போகவில்லை. நண்பர்களைச் சேர்த்து 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒரு சங்கம் தொடங்கினார். அர்த்தமில்லாத விஷயங்களை ரசிப்பதற்கென்றே ஒரு சங்கம்! அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. அதன் பெயர் 'முப்பத்திரண்டரை வறுவல்'. கல்கத்தா தெருக்களில் அந்தப் பெயரில் ஒரு காரத் தீனி விற்றார்கள். முப்பத்திரண்டு விதமான வறுவல்கள்; அந்த அரை எதற்கு என்கிறீர்களா? மேலே வைக்கும் அரை மிளகாய்க்கு!

1911இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லண்டனிலும் மான்செஸ்டரிலும் புகைப்படக் கலையும் அச்சுத் தொழிலும் கற்றார். 1913இல் அவர் திரும்பி வந்தபோது, வீட்டில் ஒரு புதுப் பத்திரிகை பிறந்திருந்தது. குழந்தைகளுக்காக அப்பா தொடங்கிய 'சந்தேஷ்'. வங்காளத்தில் சந்தேஷ் என்றால் செய்தி என்றும் அர்த்தம். பாலில் செய்யும் ஓர் இனிப்புக்கும் அதுதான் பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

1915இல் அப்பா இறந்துபோனார். அச்சகம், பத்திரிகை இரண்டும் சுகுமாரின் தலையில் விழுந்தன. அவர் தளரவில்லை. கதை, பாட்டு, நாடகம், அறிவியல் கட்டுரை, படம் என்று ஒவ்வொரு இதழிலும் வெளுத்து வாங்கினார். குழந்தைகள் அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தார்கள்.

அதில் வந்த கதைகளில் ஒன்றை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அதன் பெயரே வேடிக்கை: 'ஹ-ஜ-ப-ர-ல'. நாம் 'ய ர ல வ' என்று வரிசையாகச் சொல்வதை, 'வ ய ல ர' என்று கலைத்துப் போட்டால் எப்படி இருக்கும்? அது போலக் கன்னாபின்னா என்று அர்த்தம்.

கதை இதுதான். சரியான வெயில். ஒரு பையன் மரத்தடியில் படுத்திருக்கிறான். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறான். அது 'மியாவ்' என்கிறது! கைக்குட்டை கொழுகொழு பூனையாகிவிட்டது! வெயில் தாங்கவில்லையா, திபெத்துக்குப் போயேன், ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகும் என்று அது யோசனை வேறு சொல்கிறது.

அப்புறம் வருகிறது பலகையும் கையுமாக ஒரு காகம். ஈரேழு பதினாலு என்று நமக்குத் தெரியும். ஆனால் சரியான நேரத்தில் எழுதாவிட்டால் விடை மாறிவிடும் என்கிறது அந்தக் கணக்கப்பிள்ளைக் காகம்! ஒரு கிழவர் இருக்கிறார். வயசு நாற்பதைத் தொட்டதும் திருப்பிவிட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறக்கிக்கொண்டே வந்தவர். இப்போது அவருக்கு வயது பதின்மூன்று! ஒரு நீதிமன்றமும் உண்டு. அங்கே முதலையும் நரியும் வக்கீல்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆந்தைதான் நீதிபதி. முடிவில் என்ன ஆகிறது? ஊஹூம், சொல்ல மாட்டேன். நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கதைக்கும் படங்கள் சுகுமாரே வரைந்ததுதான். அவர் படத்தில் உள்ள பிராணிகள் நிஜமாகவே எங்கோ இருப்பது போலத் தோன்றும். அறிவியல் படித்தவர் அல்லவா? இல்லாத மிருகத்துக்கும் எலும்பு, தோல், நடை எல்லாம் யோசித்து வரைந்தது போல இருக்கும்.

இவ்வளவு சிரிப்பு மூட்டியவரின் கடைசிக் காலம் எப்படி இருந்தது என்று கேட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். 1921 மே 2ஆம் தேதி மகன் சத்யஜித் பிறந்தான். அதே வருடம் சுகுமாருக்குக் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் வந்துவிட்டது. மணல் ஈ கடிப்பதால் பரவும் நோய் அது. கல்கத்தாவிலேயே உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் அதற்கு மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் அந்த மருந்தின் பலன் சுகுமாருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டரை வருடம் நோயுடன் போராட்டம். தான் பிழைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் வீட்டுக்கே வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடல்கள் பாடினார்.

அந்தப் படுக்கையில் சுகுமார் என்ன செய்துகொண்டிருந்தார்? அழுதுகொண்டிருந்தாரா? இல்லை குட்டீஸ்! தன் வேடிக்கைப் பாட்டுகளைத் திரட்டி, 'ஆபோல் தாபோல்' என்ற புத்தகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். அதில்தான் நம் வாத்து-முள்ளம்பன்றி வருகிறது! எந்தப் பக்கத்தில் எந்தப் படம் வர வேண்டும் என்று அவரே அமைத்தார். அட்டைப் படமும் அவரே போட்டார். காய்ச்சல் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். எது முந்தும்?

1923 செப்டம்பர் 10ஆம் தேதி சுகுமார் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 35தான். ஒன்பதே நாள் கழித்து, செப்டம்பர் 19ஆம் தேதி புத்தகம் வெளிவந்தது. அதை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை. 'ஹ-ஜ-ப-ர-ல' கதையும் அவர் மறைந்த பிறகுதான் புத்தகமானது.

அப்பா இறந்தபோது சத்யஜித்துக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அப்பாவைப் புத்தகங்கள் வழியாகத்தான் அவர் தெரிந்துகொண்டார். வளர்ந்ததும், நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' பத்திரிகையை 1961இல் மறுபடி தொடங்கினார். 1987இல் அப்பாவின் நூற்றாண்டு வந்தபோது, அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

சுகுமார் தன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வங்காளத்துக் குழந்தைகள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வங்காளம் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், சுகுமாரின் கதை, பாட்டுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அடுத்த முறை நூலகத்துக்குப் போனால், சுகுமார் ரே புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சரி, ஆரம்பத்தில் வரையச் சொன்ன பிராணிகள் என்ன ஆச்சு? வரைந்து முடித்தவர்கள் ஒரு பெயரும் வையுங்கள். சுகுமாரும் அப்படித்தான் தொடங்கினார்!