விரல்நுனியால் கண்ட ஓவியர்

ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி 1904ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வையில்லை. மற்றொன்றிலும் குறைபாடு மிகுதி. அதனால் பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. ஆயினும் சாந்திநிகேதனக் கலாபவனம் 1919இல் அவரை மாணவராக ஏற்றது. 1925இல் ஆசிரியராகவும் அமர்த்தியது.

அங்குள்ள இந்தி பவனச் சுவர்களில் 1946–47இல் இடைக்கால அருளாளர்களை அவர் தீட்டினார். தில்லை நகருக்கு எதிரே, காவிரியின் அக்கரையிலுள்ள நம் திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசரும், நெசவாளர் கபீரும் அவ்வோவியத்தில் இடம்பெற்றுள்ளனர்.

1950களின் பிற்பகுதியில் கண் அறுவைச் சிகிச்சை பயனளிக்காமற்போகவே, எஞ்சிய பார்வையும் அறவே நீங்கிற்று. அவர் சோர்ந்தாரல்லர். வண்ணத்தாள்களைக் கத்தரித்து ஒட்டினார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். 1972இல் கலாபவனத்தில் பீங்கான் ஓடுகள் பதித்த பெருஞ்சுவரோவியம் ஒன்றையும் படைத்தார். கண்ணுக்கு எட்டாத கோட்டை விரலால் தடவி அறிந்து மகிழ்ந்தார். அவ்வாண்டே அவர்தம் மாணவர் சத்தியஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1980இல் மறைந்தார்.

உடற்குறையுள்ள பிள்ளையைப் பள்ளி வாயிலிலேயே திருப்பியனுப்பும்போது எத்தகைய திறனைத் திருப்பியனுப்புகிறோம் என்பதை நாம் அறிவதில்லை. அப்பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, கையில் பென்சில் கொடுப்பதே நம் கடனாகும்.